பின்சக்கரம்

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை. செபமாலை மாதமாகையால் எங்கள் பங்கு ஆலயத்தில் செபமாலையும் திருப்பலியும் முடிந்தபின் சிறியதொரு பவனியும் நடைபெற்றது. எல்லாம் நிறைவுற்று, நானும் என் துணைவியாரும் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம்.

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் அந்நாட்களில் வண்டி ஓட்டியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி நோக்கி அமைக்கப்பட்டுவந்த மெட்ரோ இரயில் பாதைக்காகச் சாலையின் நடுப்பகுதியைத் தகரத் தடுப்புகள் விழுங்கியிருந்தன. எஞ்சிய குறுகிய வழியில் மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் ஆட்டோவும் எங்களைப் போன்றோரும் ஒருவரையொருவர் உரசாமல் ஊர்ந்து வீடு சேர்வதே அன்றாடம் நிகழ்ந்த ஒரு புதுமைதான். ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையை நெருங்கும்போது தூறல் தொடங்கிற்று. முன்னே சென்ற ஆட்டோ திடீரென நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் என் சொல்லைக் கேட்டது, பின்சக்கரம் கேட்கவில்லை. அது தன்போக்கில் பக்கவாட்டில் வழுக்கிச் செல்ல, நாங்கள் இருவரும் சாலையில் கிடந்தோம்.

இறைவன் அருளால் பெரிய காயம் ஏதுமில்லை. என் முழங்கால் சிராய்த்தது. அவளுக்கு வலது முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்த பேருந்தின் முன்சக்கரம் எங்களிடமிருந்து நான்கைந்து அடி தூரத்தில்தான் நின்றிருந்தது. அந்த ஓட்டுநரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பற்றியபடி அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஒருவர் தம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்தார். எங்களைத் தூக்கி நிறுத்தி, வண்டியையும் தூக்கி நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“டயர்ல பட்டன் எல்லாம் இருக்கு சார். ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நகத்தால அழுத்திப் பாருங்க” என்றார்.

அழுத்திப் பார்த்தேன். கல்லைப் போலிருந்தது. பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். “இது மாற்றி இரண்டு ஆண்டுகூட ஆகவில்லையே தம்பி! 2022 பிப்ரவரியில் புதிதாக வாங்கியது” என்றேன். அவர் குனிந்து டயரின் விளிம்பருகே எதையோ தேடினார். முட்டை வடிவக் கட்டம் ஒன்றுக்குள் நான்கு எண்கள் இருந்தன: 4716. “2016ஆம் வருஷம் நாப்பத்தேழாவது வாரம் செஞ்ச டயர் சார் இது. அஞ்சு வருஷம் எங்கேயோ கிடந்ததை உங்க தலையில கட்டிட்டாங்க” என்று சொல்லிவிட்டு, தாம் கொண்டுசெல்ல வேண்டிய பொட்டலத்துக்கு நேரமாகிவிட்டது என்று பறந்துவிட்டார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அந்த டயரை வாங்கிய கடையை நான் எவ்வாறு தேர்ந்தெடுத்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கடையின் கல்லாப் பெட்டிக்கு மேலே வேளாங்கண்ணி அன்னையின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குச் சின்னஞ்சிறு மின்விளக்கு மாலையும் உண்டு. நம்மவர் கடை, நம்பி வாங்கலாம் என்று எண்ணி உள்ளே நுழைந்தவன், டயரைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் முழங்கைக்கு மருந்திட்டுக்கொண்டே என் துணைவி சொன்னாள்: “படத்தை மாட்டினது கடைக்காரர். டயரைப் பார்த்து வாங்க வேண்டியது நீங்கதானே. அந்த வேலையையும் மாதா தலையிலேயே போட்டா எப்படி?”

பள்ளி ஆசிரியராக முப்பதாண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தவன் நான். தெரியாததைத் தெரிந்துகொள்ளாவிட்டால் உறக்கம் வராது. அடுத்த சில நாட்களில் டயரைப் பற்றிப் பலவற்றையும் தேடிப் படித்தேன். மரத்திலிருந்து வடியும் பாலை அப்படியே உறையவைத்துச் செய்த இரப்பர் வெயிலில் உருகும், குளிரில் நொறுங்கும். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், கந்தகம் கலந்த இரப்பர் சூடான அடுப்பில் பட்டபோது உருகாமல் உறுதிப்பட்டதை 1839இல் கண்டார். கந்தகம் இரப்பரின் இழைகளுக்கிடையே முடிச்சுப் போட்டு அவற்றைப் பிணைக்கிறது. இந்தப் பிணைப்பினால்தான் இரப்பர் வளைந்தும் கொடுக்கிறது, மீண்டும் பழைய வடிவுக்கும் வருகிறது. ஆனால் காலம் செல்லச் செல்ல, காற்றும் வெப்பமும் பட்டு, அதே பிணைப்பு மேலும் மேலும் இறுகிவிடும். அப்போது இரப்பர் கடினமாகிச் சாலையைப் பற்றும் தன்மையை இழந்துவிடும். ஓடாமல் கடையில் தொங்கும் டயரும் மூப்படையும். கண்ணுக்குப் புதியது, கருவில் கிழம். அதனால்தான் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் நான்கு எண்களாக 2000ஆம் ஆண்டு முதல் டயரிலேயே பொறித்துவருகிறார்கள். இவ்வளவு எளிய செய்தியை நாற்பதாண்டுகளாக வண்டி ஓட்டும் எனக்கு ஓர் இளைஞர் சாலையோரத்தில் கற்பிக்க வேண்டியிருந்தது.

காற்றடைத்த டயரை 1888இல் முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் பாய்டு டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கரடுமுரடான தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்தார் என்பார்கள். ஒரு தந்தையின் அக்கறையில் பிறந்த பொருள் அது. பின்னர் அதே டயருக்கான இரப்பர் வேட்கையில் காங்கோ நாட்டு மக்கள் பட்ட கொடுமைகள் வேறொரு வரலாறு. நம் வரலாறும் அதில் உண்டு. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகளின் வழிவந்த மரங்கள் மலாயாவில் காடாக வளர்ந்தபோது, விடியுமுன் எழுந்து அவற்றைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கங்காணிகள் கப்பலேற்றிய ஏழைகள். டயர் என்பது நாமறியாத எத்தனையோ கைகளின் உழைப்பு.

சென்னையோ இந்தியாவின் டயர்த் தலைநகரங்களுள் ஒன்று. மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகைதான் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. அம்பத்தூரில் டன்லப் தொழிற்சாலை நெடுங்காலம் இயங்கி மூடப்பட்டது. ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்க்கண்டிகையில் மிஷலின் என்று நகரைச் சுற்றி இன்றும் டயர் ஆலைகள். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு குடிநீருக்கு அலைவதைப்போல, இத்தனை ஆலைகளுக்கு நடுவே நான் ஒரு நல்ல டயருக்கு அலைந்தேன்.

அந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் சிந்தனை வழங்கும் முறை எனக்கு வந்தது. ஆமோஸ் இறைவாக்கினரின் நூல், எட்டாம் அதிகாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அளவையில் குறைத்து, விலையில் கூட்டி, பதரையும் தானியமென்று விற்ற அக்காலத்து வணிகர்களை அந்த ஆட்டிடையர் எப்படிச் சாடினார் என்று விளக்கி, அவ்வணிகர்களின் வாரிசுகள் இன்று டயர்க் கடை வைத்திருக்கிறார்கள் என்று முடித்தேன். கடையின் பெயரைச் சொல்லாவிட்டாலும் என் குரலில் கொதிப்பு இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகப் பேசினீர்கள் என்றார்கள். நானும் அவ்வாறே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் என் தேடலை முன்வைத்தேன். ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கே போங்கள் என்றார் ஒருவர். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் நூறு கடைகளில் விசாரித்து வாங்கலாம் என்றார் இன்னொருவர். புதுப்பேட்டை என்று ஒருவர் வாயெடுத்ததுமே, “போன வாரம் காணாமற்போன உங்கள் டயரையே வாங்கி வரலாம்” என்று மற்றொருவர் கேலி செய்தார். பஞ்சர் கடைக்காரர்களே சாலையில் ஆணியைப் போடுகிறார்கள் என்ற பழைய குற்றச்சாட்டும் எழுந்தது. யாராவது கண்ணால் பார்த்ததுண்டா என்று கேட்டேன், எவரும் பார்த்ததில்லை, ஆயினும் எல்லோரும் நம்பினார்கள். ஒரு தொழிலையே சந்தேகிப்பது நமக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! நண்பகல் வெயிலில் கைகள் கறுக்க உழைக்கும் மனிதரைப் பார்த்து, ஆணி போட்டவர் இவராகத்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே அவரிடம் நம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கிறோம்.

போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர், எல்லோரும் கலைந்தபின் என்னிடம் வந்தார். “வாத்தியாரே, ஐயப்பன்தாங்கல் டெப்போவில பஸ்ஸுக்கு டயர் மாத்துற ஆளுங்க தங்களோட சொந்த வண்டியை எங்க கொண்டுபோய் விடுறாங்கன்னு பாருங்க. அதுதான் கடை” என்றார். இத்தனை நாள் படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வியந்தேன்.

எனினும் அவர் சொன்ன கடைக்கு நேரே போய்விடவில்லை. எனக்குள் ஓர் ஆய்வாளன் புகுந்திருந்தான். வழியில் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் கடையில் செய்யப்பட்ட தேதியைக் கேட்டதும், “அதெல்லாம் கார் டயருக்குத்தான் சார்” என்றார்கள். இரண்டாவது கடையில் குளிர்சாதனம் இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு டயர்கள், இரண்டு டியூபுகள், செயின், அதன் பல்சக்கரங்கள் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்று அச்சிட்ட தாள் ஒன்றைத் தந்தார்கள். அது தவறென்று அடித்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்கு வாடிக்கையாளர் வரக்கூடாது என்றார்கள். வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாவது, பெரியவர் சொன்ன கடை. பணிமனைக்கு அருகே பிரியும் ஒரு தெருவில் பெயர்ப்பலகை இல்லாத ஒற்றை அறை. காக்கி உடுப்புடன் இரண்டு ஓட்டுநர்கள் பெஞ்சில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் எந்தப் படமும் இல்லை. ஒரு நாட்காட்டி மட்டும் தொங்கியது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் எந்தச் சமயத்தவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லோரும் அவரை ‘அண்ணே’ என்றே அழைத்தார்கள்.

அவர் டயரைப் பார்க்குமுன் என்னைப் பார்த்தார். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும், பின்னால் யார் உட்காருவார்கள், எங்கே விழுந்தோம் என்று கேட்டார். பிறகு முன்சக்கரத்தைக் கையால் சுழற்றி, பள்ளங்களில் நகத்தை விட்டுப் பார்த்தார். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரு சக்கர வண்டியின் டயரில் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அந்த அளவுக்கு வர இன்னும் நாள் இருக்கு சார். முன் டயர் இன்னும் ஒரு வருஷம் ஓடும். பின் டயரை மட்டும் மாத்துங்க.”

அந்தச் சொற்கள் என் காதில் எங்கோ முன்பே கேட்டவைபோல் ஒலித்தன. எங்கே என்று அப்போது தெரியவில்லை.

நான் கேட்குமுன்னரே புதிய டயரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நான்கு எண்களையும் காட்டினார். நான்கு மாதங்களுக்கு முன் செய்யப்பட்டது. 2.75–18 என்ற அளவையும், சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறியையும் விரல் வைத்துக் காட்டினார். பிறகு சக்கரத்தைக் கழற்றினார். பழைய டயரை நெம்பி எடுத்தபின் அவர் செய்தவை எல்லாம் எனக்கு ஒரு சடங்கைப்போல் தோன்றின. ரிம்மின் உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருவை அகற்றினார். கம்பிகளின் முனை டியூபைக் குத்தாமல் காக்கும் இரப்பர் நாடாவைப் புதிதாகப் போட்டார். புதிய டயரின் உட்புறம் முழுவதும் வெறுங்கையால் தடவிப் பார்த்தார். “புது டயர்லகூட ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும் சார்” என்றார். டியூபில் மாவுபோன்ற வெள்ளைப் பொடியைத் தூவி உள்ளே வைத்து, சிறிது காற்றடைத்து, பிறகு டயர் லீவரை வைத்தார். லீவர் டியூபைக் கடிக்காமல் இருக்கக் கடைசி நான்கு அங்குலத்தைக் கைகளாலேயே தள்ளி ஏற்றினார். முழுதாகக் காற்றடைத்து, அவ்வளவையும் வெளியேற்றி, மீண்டும் அடைத்தார். டியூப் உள்ளே மடிந்திருந்தால் இப்படிச் செய்யும்போது நிமிர்ந்துவிடுமாம். டயரின் விளிம்பையொட்டி ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தொலைவில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அரை விரற்கடை உள்ளே போயிருந்தது. எனக்கு அது தெரிந்திருக்கவே செய்யாது. காற்றை இறக்கி மறுபடியும் முதலிலிருந்து செய்தார்.

“தனியா போனா 28 பவுண்டு. அம்மா பின்னாடி உட்கார்ந்தா 41. மறக்காதீங்க. முதல் நூறு கிலோமீட்டர் மெதுவா போங்க, புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும். மழையில சாயக்கூடாது.”

டியூபும் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய். பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் என் பழைய டயரை எடுத்தார். “இது உங்களுக்கு வேணுமா சார்?” என்றார். வேண்டாம் என்றேன். உடனே தோல் வெட்டும் கத்தியைப் போன்ற ஒன்றை எடுத்து, டயரின் பக்கவாட்டில் மூன்று இடங்களில் ஆழமாகக் கிழித்து, மூலையில் எறிந்தார். அங்கே அவ்வாறு கிழிக்கப்பட்ட டயர்கள் குவியலாகக் கிடந்தன.

“ஏன் கிழிக்கிறீர்கள்?” என்றேன்.

“அப்படியே போட்டா யாராவது எடுத்துட்டுப்போய் மை பூசி வித்துடுவாங்க சார். பாவம், யாராவது ஒரு ஏழை அதை நம்பிப் பொண்டாட்டி பிள்ளையோட போவான்.”

அந்தச் சொற்களை எங்கே கேட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கேட்டதன்று, நானே சொன்னது.

2009ஆம் ஆண்டு. என்னிடம் ஆறு ஆண்டுகள் ஓடிய கறுப்பு நிற டி.வி.எஸ். விக்டர் ஒன்று இருந்தது. அதை விற்றுவிட்டுப் புதிய ஹீரோ ஹோண்டா வாங்க முடிவு செய்தேன். பின் டயரை ஒரு மாதத்துக்குள் மாற்றியாக வேண்டும் என்று என் மெக்கானிக் சொல்லியிருந்தார். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு வீண் செலவு? நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். டயருக்குப் பூசும் கறுப்பு மை ஒரு சிறு புட்டி வாங்கினேன். முதல் நாள் மாலை வண்டியைக் கழுவித் துடைத்து, பழைய துணியில் மையைத் தோய்த்துப் பக்கவாட்டு வெடிப்புகள் மறையும்வரை பூசினேன். மொட்டையாகத் தொடங்கியிருந்த பகுதி கீழே தரையில் படும்படி சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினேன். இதைச் செய்தபோது என் மனம் உறுத்தியதாக நினைவில்லை. பெண் பார்க்க வரும்போது வீட்டுக்கு வெள்ளையடிப்பதில்லையா என்பதுபோல் இருந்தது.

வாங்க வந்தவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்த இளைஞர். இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. அவருடைய இளம் மனைவியும் வந்திருந்தார், நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். “பஸ்ஸுல கூட்டிட்டுப் போக முடியல சார், அதான் வண்டி” என்றார் அவர். வண்டியைச் சுற்றி வந்தார். எஞ்சின் ஓசையைக் கேட்டார். பிறகு, “டயர் எப்படி சார்?” என்று கேட்டார்.

“இன்னும் ஒரு வருஷம் ஓடும்” என்றேன்.

அவர் குனிந்து பார்க்கவில்லை. மனைவியிடம் திரும்பி, “வாத்தியார் வண்டி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றார். 14,500 ரூபாயை ஐந்நூறும் நூறுமாக எண்ணிக் கொடுத்தார். இருவரும் ஏறிச் சென்றபோது என் துணைவி வாசலில் நின்று, “பார்த்துப் போங்கம்மா” என்று கையசைத்தாள்.

கல்லாப் பெட்டிக்கு மேலிருந்த அன்னையின் படத்தை நம்பி நான் டயரைத் திருப்பிப் பாராதிருந்தேன். அவர் என் ஆசிரியப் பணியை நம்பித் திருப்பிப் பாராதிருந்தார்.

கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. மெதுவாக வந்தேன் என்பது மட்டும் உறுதி. அன்பியக் கூட்டத்தில் ஆமோஸை வைத்து நான் ஆற்றிய உரையின் ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்தது. பதினான்கு ஆண்டுகளில் எத்தனையோ முறை ஒப்புரவு அருளடையாளத்தில் பங்கேற்றிருக்கிறேன். ஒவ்வொரு தவக்காலத்திலும், ஒவ்வொரு திருவருகைக்காலத்திலும் மனச்சான்றை ஆராய்ந்து, கோபம், சோம்பல், செபத்தில் பராக்கு என்று பட்டியலிட்டிருக்கிறேன். இந்த ஒன்று ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை. இது ஏழாம் கட்டளையில் சேருமா எட்டாம் கட்டளையில் சேருமா என்று ஐயுறும் அளவுக்குக்கூட நான் இதைப் பாவமென்று எண்ணியதில்லை. வியாபாரம் என்று எண்ணியிருந்தேன்.

துணைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. “அந்தப் பொண்ணு முகம் எனக்கு நினைவிருக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை அறிக்கையிட்டேன். குருவானவர் இளையவர், என் மாணவராக இருந்திருக்கக்கூடிய வயது. அவர் கண்டிக்கவில்லை. “அவர்களுக்கு அதன்பின் என்ன ஆனது என்று தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “தேடிப் பார்த்தீர்களா?” என்றார். 1992ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, நீதிக்கெதிராகப் பெற்றதைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுமிடத்தில் சக்கேயுவைச் சுட்டுகிறது என்பதை நான் பின்னர் படித்தேன். சக்கேயுவை எண்ணி எனக்குச் சற்றுப் பொறாமைகூட வந்தது. அவர் வரி வசூலித்தது எரிகோவில். நான்கு மடங்காகத் திருப்பித் தருவதற்கு ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருந்திருப்பார்கள். எனக்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் மட்டுமே இருந்தன. அவையும், உரிமை மாற்றத்துக்காக நான் கையெழுத்திட்ட படிவங்களின் நகல் பழைய கோப்பொன்றில் எலிக்குத் தப்பிக் கிடந்ததால் கிடைத்தவை.

முகவரி பட்டரவாக்கம். புதிய டயருடன் நான் சென்ற முதல் நெடும்பயணம் அதுவே. வானகரம், அத்திப்பட்டு வழியாக அம்பத்தூரை அடைந்து, தொழிற்பேட்டையின் பட்டறைகளைக் கடந்து சென்றேன். அந்த முகவரியில் இப்போது மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. முன்பு அங்கே ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தனவாம். எதிர்வீட்டுப் பாட்டியம்மா வாசலில் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். “லேத் வேலை பார்த்த பிள்ளையா? பெண் குழந்தை பொறந்துச்சே, அந்தப் பிள்ளையா?” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் அங்கேயே மண்டியிட்டிருப்பேன். குழந்தை நலமாகப் பிறந்ததா, தாய் நலமா என்று கேட்டேன். “நல்லாத்தான் பொறந்துச்சு. தூக்கி விளையாடியிருக்கேனே” என்றார். வண்டி வைத்திருந்தாரே, விழுந்தாரா, அடிபட்டாரா என்று கேட்டதற்கு, “வண்டி வச்சிருந்தான்... கொஞ்ச நாள்ல நொண்டிக்கிட்டு நடந்தான். வண்டியில விழுந்தானோ, பட்டறையில அடிபட்டுச்சோ, எனக்கு ஞாபகம் இல்லையேப்பா” என்றார். எங்கே குடிபெயர்ந்தார்கள் என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஊர்ப்பக்கம் என்றார், பிறகு ஆவடி என்றார், பிறகு கையை விரித்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று விசாரித்தார். “அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது” என்றேன். அது பொய்யன்று என்றாலும் முழு உண்மையும் அன்று.

தொழிற்பேட்டையில் பழைய லேத் பட்டறைகள் நான்கைந்தில் விசாரித்தேன். ஓரிடத்தில் முதலாளி மாறிவிட்டார். ஓரிடத்தில் பட்டறையே இல்லை. உரியவரைக் காண முடியாதபோது அத்தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது நம் அறநெறியில் நெடுங்காலமாக உள்ள வழிதான். புனித அந்தோனியார் சுரூபத்தடியில் உள்ள ஏழைகளுக்கான உண்டியலில் ஒரு புதிய டயரின் விலையை நான்காகப் பெருக்கிச் செலுத்தினேன். செலுத்திவிட்டு வெளியே வந்தபோது, நொண்டி நடக்கும் கால் ஒன்று அந்த உண்டியலுக்குள் அடங்கவில்லை என்றே பட்டது.

அந்தக் கடைக்காரரிடம் நான் இதைச் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டு இறுதியில் முன் டயரையும் அவரிடமே மாற்றினேன். அவர் சொன்னபடியே ஓராண்டு ஓடியிருந்தது. இம்முறை பழைய டயரைக் கிழிக்கும் கத்தியை நானே கேட்டு வாங்கினேன். இரப்பர் எளிதில் கிழிவதில்லை. “அழுத்தி இழுங்க சார்” என்று அவர் சிரித்தார்.

பட்டரவாக்கத்துப் பாட்டியம்மாவிடம் என் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்துகளில் எழுதிக் கொடுத்து வந்திருக்கிறேன். அவர் அதைத் தம் வீட்டு நாட்காட்டியின் பின்புறம் ஒட்டிவைத்தார். ஆண்டு மாறும்போதெல்லாம் அந்த நாட்காட்டியை அவர் எறிந்துவிடுவாரே என்ற நினைவு வந்து, சனவரி தோறும் ஒருமுறை போய் மீண்டும் எழுதிக் கொடுத்து வருகிறேன். இதுவரை யாரும் அழைக்கவில்லை.